பால் பொங்கிய இடம்

1.

இந்தக் கதை இன்று காலை ஒரு சண்டையில் பிறந்தது. அதில் தோற்றது நான். தோற்றவன்தானே உட்கார்ந்து கதை எழுதுவான்? ஜெயித்தவளுக்கு வேறு வேலை இருக்கிறது.

முதல் தொடக்கம்: இசை என்பது மொழிகளுக்கெல்லாம் அப்பாற்பட்ட

(அடித்துவிட்டேன். வாழ்த்து மடலில்கூட இதை இப்போது யாரும் போடுவதில்லை.)

இரண்டாவது தொடக்கம்: நாளை என் மாமியாருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல் திரும்புமா என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை. அதற்குள், தான் கட்டிய ஒரே மெட்டை மகளும் மருமகனும் சேர்ந்து வாசிக்கக் கேட்க வேண்டும் என்றார்.

இதிலேயே கதை இருக்கிறது. கெடுக்க நான் இருக்கிறேனே.

2.

என் மனைவிக்கு ஸ்வரக் குறிப்பு வாசிக்கத் தெரியாது. அம்மா எப்போதோ பாடிப் பதிந்த கேசட்டைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டே குழலில் பிடித்துவிட்டாள். எனக்கோ தாளில் இருந்தால்தான் கீபோர்டில் விரல் நகரும். மின்விசிறியைப் போட்டால் தாளோடு என் சங்கீதமும் பறந்துவிடும். (ஏட்டுச் சுரைக்காய்ப் பழமொழியை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். வீட்டில் தினமும் கேட்கிறேன்.)

ஆகவே கேசட்டைக் கேட்டு மெட்டை எழுதினேன். மூன்றாவது அடியின் நடுவே குரல் நின்று, நெடுநேரம் கழித்துத் தொடர்ந்தது. எந்தத் தாளக் கணக்கிலும் அது அடங்கவில்லை. டேப் சிக்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

காலையில் ஒத்திகை. அந்த இடத்தில் அவள் குழலை இறக்கினாள். நான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தேன்.

"எங்க ஓடுறீங்க? அங்க நிக்கணும்."

"தாள்ல இல்லையே."

"தாளை யாரு எழுதினா?"

(கதாநாயகன் இதற்கு நறுக்கென்று பதில் சொல்வதாக எழுதிப் பார்த்தேன். அவன் தாளைத்தான் புரட்டினான்.)

3.

பஞ்சாயத்து மாமியாரிடம் போனது.

"அதுவா மாப்பிள்ளை? பாடிட்டிருக்கும்போதே அடுப்புல பால் பொங்கிடுச்சு. ஓடிப்போய் அணைச்சுட்டு வந்து மிச்சத்தைப் பாடினேன்."

வெற்றி! இத்தனை வருடம் என் மனைவி கண்மூடி உருகி வாசித்தது ஒரு பால் பாத்திரத்தை. (கதையை இங்கேயே முடித்திருக்கலாம். யோசித்தேன்.)

"அப்போ அங்க நிக்க வேண்டாம்தானே அத்தை?"

"இருங்க, பாடிப் பாக்கறேன்."

குரல் கரகரத்தது. மூன்றாவது அடியில் நின்றார். அதே நீளம். பிறகு தொடர்ந்தவர், தானே சிரித்துவிட்டார்.

"இவ ஊதி ஊதிக் கேட்டு எனக்கும் ஒட்டிக்கிச்சு. இப்ப அது இல்லாம பாட்டே வரமாட்டேங்குது."

4.

தாளைத் திருத்த உட்கார்ந்தேன். அந்த மௌனத்துக்கு என்னிடம் குறியீடு இல்லை.

"எவ்வளவு நேரம்டி நிக்கணும்?"

"அடுப்பை அணைச்சுட்டு வர்ற நேரம்."

தாளைக் கவிழ்த்து வைத்தேன். சாயங்காலம் வாசித்தோம். நான் தப்புத்தப்பாக வாசித்தேன், ஆனால் காதால் வாசித்தேன். பாதியில் மாமியாரும் சேர்ந்து பாடினார். மூன்றாவது அடியில் மூவரும் நின்றோம். மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முடிவு அ: நாளை எல்லாம் நல்லபடியாக முடிந்து, அவர்

முடிவு ஆ: குழல் மட்டும்

இரண்டையும் எழுதப் பயமாக இருக்கிறது. அந்த இடத்திலேயே நிற்கிறோம். உங்கள் வீட்டு அடுப்பிலும் ஏதாவது பொங்கும். போய் அணைத்துவிட்டு வாருங்கள். அதுவரை யாரும் பாட மாட்டோம்.