மடக்குப் பலகை

தேவசிகாமணியின் ஜீப்பில் படுத்துக்கொண்டு சேலம் ஆஸ்பத்திரிக்குப் போக மலைமேல் நாகலூர் வட்டாரத்தில் ஒரு ஆள் கிடையாது. வாந்தி எடுக்கிறவர்கள் உட்கார்ந்துதான் எடுப்பார்கள். வலியில் பல்லைக் கடிப்பவனும் கம்பியைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்துதான் கடிப்பான். அத்தனை பேரையும் அவர் வாய் ஓயத் திட்டித் தீர்த்திருக்கிறார். மலையிலேயே படுக்கை வைத்த ஒரே வாடகை ஜீப்பை வைத்துக்கொண்டு, அதில் படுக்க ஆள் இல்லாமல் ஓட்டுகிறவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

அந்தப் படுக்கை வந்ததே ஒரு அவமானத்தால்தான். எண்பத்து மூன்றில், தொடை எலும்பு முறிந்த ராசம்மாள் என்ற எஸ்டேட் பெண்ணை நாலு பேர் பிடித்துக்கொள்ள, இருபது கொண்டை ஊசி வளைவும் அலற அலறக் கீழே கொண்டுபோனார். "மூட்டையாய்யா ஏத்திக்கிட்டு வர்றே? காலை நீட்டிப் படுக்க வைக்கணும்னு தெரியாது?" என்று ஆஸ்பத்திரி டாக்டர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். தேவசிகாமணி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசகம் வாசிக்கிறவர். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரே அவரை 'வாங்க' என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு அது சுருக்கென்று தைத்தது.

அடுத்த வாரமே வண்டியைச் சேலத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் விட்டார். பின்னால் எதிரும் புதிருமாக இருந்த இரண்டு பெஞ்சுகளில் வலது பெஞ்சை அப்படியே வைத்துக்கொண்டு, இடது பெஞ்சை அறுத்து எடுத்தார். அந்த இடத்தில் ஒரு கனமான சில்வர் ஓக் பலகையைக் கீல் வைத்துப் பக்கச் சுவரோடு மாட்டினார். தூக்கிக் கொக்கியில் மாட்டினால் நடுவில் ஆட்கள் நிற்கலாம்; இறக்கினால் வலது பெஞ்சோடு சேர்ந்து கட்டில். கால் நீட்ட இடம் பற்றாமல், பின்கதவு கிடையாக நிற்கும்படி இரண்டு பக்கமும் சங்கிலி போட்டார். மேலே தேங்காய்நார் மெத்தை, அதற்கு மேல் பச்சை ரெக்ஸின். தானே படுத்துப் பார்த்தார். பட்டறைக்காரன் வண்டியை இரண்டு தெரு சுற்றி வருவதற்குள் குறட்டை விட்டுவிட்டார். மலைக்கு வந்ததும் ஃபாதரைக் கூப்பிட்டுத் தீர்த்தமும் தெளித்தாயிற்று.

கெட்ட நேரம், முதலில் படுத்தவர் மாரமங்கலம் ஐயாக்கண்ணு. குடல் வெடித்து மூன்று நாள் வீட்டிலேயே கிடந்தவர். பதினோராவது வளைவில் வாயைத் திறந்தபடி போய்விட்டார். அடுத்து அத்தாயி, நெஞ்சுச் சளி முற்றிய கிழவி; ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாள், அவ்வளவுதான். இரண்டு பேரையும் பல்லக்கில் வைத்துத் தூக்கி வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஊர் அப்படியா பார்க்கும்? பாடை வண்டி என்று பெயர் வைத்துவிட்டது. ஊருக்குப் பெயர் வைப்பதென்றால் அல்வா சாப்பிடுவது மாதிரி.

மூன்று வருஷம் கழித்துத் தலைச்சோலை சித்தனின் பெண்டாட்டி பாவாயிக்கு ஏழாம் மாதத்தில் உதிரப்போக்கு வந்தது. சித்தனுக்கு அரை ஏக்கர் காப்பி, கொஞ்சம் சாமை விதைக்கிற நிலம்; மற்ற நாளெல்லாம் எஸ்டேட்டில் கூலி. தேவசிகாமணி பலகையை இறக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். சித்தன் அதைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினான்.

"வேண்டாமுங்க டிரைவருங்க. உக்காந்தே வரட்டுமுங்க."

"ஏண்டா? உசுரு போயிட்டிருக்குது, தெரியலையா?"

"உசுரோட இருக்கறவங்க படுத்துக்கிட்டு ஊர் எல்லையத் தாண்டக் கூடாதுங்க. அப்படிப் போறது ஒரே ஒரு தடவைதானுங்க."

"நாங்க வேதக்காரங்க. எங்ககிட்ட வந்து இந்தக் கதையெல்லாம் அளக்காதே."

சித்தன் அசையவில்லை. பாவாயியை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தே வந்தான். பாவாயி பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் ஒருவேளை, என்று நர்ஸ் இழுத்தாள். அந்த ஒருவேளை போதாதா? தேவசிகாமணி வராந்தாவில் நின்று, போகிறவர் வருகிறவர் கேட்கும்படி கத்தினார்: "உம்புள்ளைய நீயே கொன்னுட்டியேடா! பலகைய இறக்கி வெச்சேன், தூக்கி மாட்டினது நீ!" சித்தன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதோடு விட்டாரா? ஒரு வருஷம் முழுக்க டீக்கடையில், பஸ் நிறுத்தத்தில், கோயில் முற்றத்தில் இதே கதைதான். மலைக்காரங்க, சொன்னாக் கேக்க மாட்டாங்க, கண்ணு முன்னால புள்ளையக் கொன்னான் என்று ஏற்ற இறக்கத்தோடு சொல்லுவார். சொல்லச் சொல்லக் கதை நன்றாகத் தேறியது. அவருக்கு அதில் ஒரு சுகம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எண்பத்தெட்டு பிப்ரவரியில் மிளகு பறிப்பு. தேவசிகாமணியின் ஒரே மகன் மரியதாஸ், இருபத்து மூன்று வயது, எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணி சாத்திக் கொடியில் பறித்துக்கொண்டிருந்தான். ஏணி வழுக்கி, இருபது அடி உயரத்திலிருந்து முதுகு அடிபட விழுந்தான். பக்கத்து மரத்தில் பறித்துக்கொண்டிருந்தவன் சித்தன். ஆளை விட்டு டிரைவருக்குச் சொல்லி அனுப்பியதும் அவன்தான். இரண்டு மூங்கிலில் கம்பளியைக் கட்டி, பையனை அலுங்காமல் அதில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்ததும் அவன்தான்.

"நொம்பப் பயப்படாதீங்க. கால் விரல் ஆடுதுங்க, பாருங்க" என்று, ஜீப்போடு வந்து நின்ற தேவசிகாமணியிடம் சொன்னான் சித்தன். மரியதாஸின் கால் விரல்கள் ஆடத்தான் செய்தன. முகம் மட்டும் வெளுத்திருந்தது. சித்தன் ஜீப்பின் பின்பக்கம் ஏறிக் கொக்கியைக் கழற்றிப் பலகையை இறக்கினான். பின்கதவுச் சங்கிலியையும் மாட்டினான்.

"நீங்க சொன்னதுதானுங்க டிரைவருங்க. எம்புள்ளைய உக்கார வெச்சுத்தான் உட்டுப்போட்டேன். தம்பிய நேராப் படுக்க வெச்சுருவோமுங்க."

தேவசிகாமணி அந்தப் பச்சை ரெக்ஸினைப் பார்த்தார். வாயைத் திறந்தபடி ஐயாக்கண்ணு கிடந்தது தெரிந்தது. அத்தாயியின் வெள்ளைத் தலை தெரிந்தது. பாடை வண்டி, பாடை வண்டி என்று இத்தனை வருஷம் மற்றவர்கள் சொன்னதெல்லாம் அவர் காதுக்குள்தான் உட்கார்ந்திருந்தது போலிருக்கிறது. வாசகம் வாசிக்கிற மனுஷனுக்கு அந்த நேரத்தில் ஒரு ஜெபம்கூட வாயில் வரவில்லை.

"மடக்கு அதை" என்றார்.

"ஏனுங்க?"

"மடக்குடா. எம்மகன் அதுல படுக்க மாட்டான்."

"முதுகுல அடிங்க. உக்கார வெச்சா..."

"மடக்குன்னு சொன்னா மடக்கணும்!"

வண்டி அவருடையது, மகன் அவருடையவன். சித்தன் பலகையைத் தூக்கி மாட்டினான். வலது பெஞ்சில் உட்கார்ந்து, மரியதாஸைத் தன் நெஞ்சில் சாய்த்து, இரண்டு கையாலும் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு வளைவிலும் பையன் கத்தினான். எட்டாவது வளைவு தாண்டியதும் கத்துவதை நிறுத்திவிட்டு, "அப்பா, இடுப்புக்குக் கீழ மரத்துப் போச்சுங்க" என்றான்.

"நிறுத்துங்க டிரைவருங்க! இப்பவாச்சும் படுக்க வெச்சுருவோம். கும்புட்டுக் கேக்கறேனுங்க."

தேவசிகாமணி நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்தப் பலகையை இறக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மரியதாஸின் பாதத்தில் ஊசியால் குத்திப் பார்த்தார். விரல் அசையவில்லை. விழுந்தபோது அசைந்ததா என்று கேட்டார். அசைந்தது என்றான் சித்தன். டாக்டர் நிமிர்ந்தார்.

"முதுகெலும்பு உடைஞ்சவனை உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தது யாரு?"

தேவசிகாமணியின் கை தானாக உயர்ந்து சித்தனைக் காட்டியது. "இவந்தானுங்க சார். மலைக்காரங்க. படுக்க வெச்சா ஆகாதும்பாங்க. சொன்னாக் கேட்டாத்தானே?" ஒரு வருஷமாகச் சொல்லிப் பழகிய நாக்கு, ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

டாக்டர் சித்தனைப் பிடிபிடியென்று பிடித்தார். "ஒரு பையனோட காலை எடுத்துட்டியேய்யா, அறிவிருக்கா உனக்கு?" என்றார். சித்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தேவசிகாமணியை ஒரு தடவை பார்த்தான். பிறகு, "தப்புதானுங்க" என்றான்.

சாயங்கால பஸ்ஸில் மரியதாஸின் அம்மா ஞானசுந்தரி வந்து சேர்ந்தாள். மகன் இனி நடக்கமாட்டான் என்று கேட்டதும், சித்தனால்தான் என்ற சேதி அவளுக்கு எந்த வாய் வழியாக வந்ததோ, நேராகச் சித்தனிடம் போய் மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்தாள். "உம்புள்ளையக் கொன்னது பத்தாதுன்னு எம்புள்ளையையும் முடக்கிப் போட்டியே, உங்குடி விளங்குமா?" என்றாள். தேவசிகாமணி நாலடி தள்ளி நின்றார். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. சித்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.

அடுத்த நாற்பது நாளும் அவர் சொல்லவில்லை. மரியதாஸும் வாய் திறக்கவில்லை. அப்பா கஞ்சி கொண்டுவந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். வலி போலிருக்கிறது என்று ஞானசுந்தரி நினைத்தாள். தேவசிகாமணி அப்படி நினைக்கவில்லை. அப்படி நினைக்க ஆசைப்பட்டார்.

ஏப்ரலில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். காலை பத்து மணிக்கு ஸ்ட்ரெச்சரை ஜீப் வரைக்கும் தள்ளி வந்துவிட்டார்கள். தேவசிகாமணி பலகையை இறக்கிப் புதுக் கம்பளி விரித்து வைத்திருந்தார். மகனின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தார்.

"நீங்க தொடாதீங்க" என்றான் மரியதாஸ். "சித்தண்ணன் வரட்டும். அவரு தூக்கினா ஏர்றேன். இல்லேன்னா இங்கியே கெடக்கறேன்."

"அந்தப் பாவி பேரை எடுக்காதே கண்ணு" என்றாள் ஞானசுந்தரி.

"பாவி அவரில்லீங்கம்மா. அவரு பலகையப் போட்டாரு. மடக்கச் சொன்னது அப்பா. நடுவழியில நிறுத்துங்கன்னு அவரு கெஞ்சினாரு, இவரு நிறுத்தல. டாக்டர்கிட்ட அவரு மேல கையக் காட்டினதையும் நான் பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன்."

ஞானசுந்தரி புருஷனைப் பார்த்தாள். "ஏனுங்க, நெசமா?"

"பயந்துட்டேன் ஞானம். அதுல படுத்தாச் செத்துருவான்னு பயந்துட்டேன்."

"பயந்தீங்க, சரி. பெத்தவங்க பயப்படறதுதான். அதுக்கு எதுக்குங்க அந்த மனுசன் மேல பழி போட்டீங்க? நான் அவர் குடியவே சபிச்சேனே, பக்கத்துலதான நின்னீங்க?"

ஸ்ட்ரெச்சரை மறுபடி வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தேவசிகாமணி காலி ஜீப்பை எடுத்துக்கொண்டு தனியாக மலையேறினார்.

தலைச்சோலையில் பாவாயிதான் வெளியே வந்தாள். அவரைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஊட்டுல இருக்கறாருங்க. இன்னும் என்னங்க பாக்கி?" என்றாள்.

"மரியதாஸ் கூப்புடறான். சித்தன் வந்து தூக்கினாத்தான் வண்டியில ஏறுவேங்கறான்" என்றார் தேவசிகாமணி. வாசலில் நின்றபடியே சொன்னார். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

சித்தன் உள்ளிருந்து கேட்டிருக்க வேண்டும். சட்டையைப் போட்டுக்கொண்டே வந்து ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தான். முன்னால் வா என்று அவர் கூப்பிட்டதற்கும் அசையவில்லை. வண்டி ஊரைத் தாண்டி, மலை மேலிருக்கிற டவுனைத் தாண்டி, வளைவுகளில் இறங்க ஆரம்பித்தது. மூன்றாவது வளைவில் தேவசிகாமணி வேகத்தைக் குறைத்தார். கண்ணாடியில் அவன் முகத்தைத் தேடினார்.

"சித்தா, நான் உனக்குச் செஞ்சது பெரிய பாவம். என்னை மன்னிச்சிரு. டாக்டர்கிட்ட, ஊர்ல, எல்லார்கிட்டயும் நானே சொல்லிர்றேன்."

சித்தன் வெளியே காப்பிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உம்புள்ளைய நீயே கொன்னுட்டியேன்னு அன்னிக்குச் சொன்னீங்களே, அது நெசந்தானுங்க. அதனாலதான் இந்தப் பழியையும் வாங்கிக்கிட்டேன்" என்றான். "இப்ப தம்பிக்காக வர்றேனுங்க. நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."