உள் அறைக்குப் போதுமான உறவு

எங்கள் ஊரிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை புறப்படும் சொகுசுக் கப்பலில் அறைக்கு விலை உறவுதான். பணம் வாங்குவதில்லை. சொந்தக்காரர் ஒருவரைக் கொடுத்தால் அறை உண்டு. கப்பல் கிளம்பும் நாள் காலையில், கொடுத்தவருக்கு அந்த உறவு மறந்துபோகும். கொடுக்கப்பட்டவருக்கு மறக்காது. மற்றபடி அவர் தின்று தூங்கி நன்றாகவே இருப்பார்.

விலை எல்லா நாளும் ஒன்றல்ல. ஐப்பசி மழையில் பதிவு திறக்கும்போது அறைகள் எல்லாம் காலியாகக் கிடக்கும். அப்போது ஜன்னல் இல்லாத உள் அறைக்கு ஒரு தூரத்துச் சொந்தம் போதும்; கல்யாண வீட்டில் மட்டும் பார்க்கிற, பெயர் சட்டென்று வாயில் வராத யாராவது. அறைகள் நிரம்ப நிரம்ப விலை கிட்டே வரும். தை பிறந்தால் அதே அறைக்குச் சித்தப்பா கேட்பார்கள். பங்குனியில் கூடப்பிறந்தவர். பால்கனி வைத்த அறை என்றால் முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் இருக்கிற ஆள்தான்.

எதிர்வீட்டு ஞானதுரை ஒரு தை மாதத்தில் தன்னை வளர்த்த சித்தியைக் கொடுத்து ஜன்னல் அறை வாங்கினார். அந்த அம்மாள் இன்றும் கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து செய்து எடுத்து வருகிறாள். "வீடு மாறி வந்துட்டிய போல" என்று அவர் மரியாதையாகத் திருப்பி அனுப்புகிறார். முந்திரிக்கொத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறார்.

நான் அப்படி அகப்பட்ட விலைக்கு வாங்குகிற ஆள் இல்லை. பழைய இரும்பு வியாபாரம் செய்கிறேன். விலை விழும்வரை காத்திருப்பதுதான் என் தொழில். கப்பலில் அறை காலியாகப் போனால் கம்பெனிக்குத்தான் நஷ்டம். அதனால் புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம், மிச்சம் இருப்பதை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஒரு வருடம் ஒருவன், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவரைக் கொடுத்துப் பால்கனி அறை வாங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்தச் சாயங்காலத்துக்காகக் காத்திருந்தேன். ஒவ்வொரு வருடமும் அறை ஒன்றுகூட மிஞ்சவில்லை. என் யோசனையில் பிழை இல்லை. வருடங்கள்தான் சரியில்லை.

என் மனைவி ஜெயகனி, கல்யாணமான புதிதில் கடற்கரையில் உட்கார்ந்து என்னைக் கேட்டாள்: "கடலுக்குள்ள நின்னு நம்ம ஊரப் பாத்தா எப்படி இருக்கும்?" கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்று சொன்னேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அன்றிலிருந்து அவள் என்னிடம் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

இந்த முறை பதிவு திறந்த அன்றே அவள் ஆரம்பித்தாள்.

"உள் அறையே போதும். சாத்தான்குளத்துல எங்க அப்பாவோட ஒன்னுவிட்ட தம்பி இருக்காருல்லா, அவரக் குடுத்துருவோம். ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க."

கல்யாணமான பெண் தன் சொந்தக்காரரைக் கொடுக்க வேண்டுமானால் கணவன் கையெழுத்து வேண்டும். அது கப்பல் கம்பெனியின் விதி.

"ஜன்னல் இல்லாத அறைக்கு ஒரு முழு மனுசனையா?" என்றேன். "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலியாக்கும்."

 அவள் கேட்பதை நிறுத்தவில்லை. கார்த்திகையில் கேட்டாள். தையில், "இன்னும் ஒரு வரிசைதான் காலியா கிடக்காம்" என்று சொல்லிக் கேட்டாள். விலை விழும் என்றேன். பங்குனியில் காலையும் மாலையும் கேட்க ஆரம்பித்தாள். குரலில் ஒரு பதற்றம் இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

"இப்ப போனா உன் தம்பியைத்தான் கேப்பான். குடுப்பியா?"

"குடுக்கேன். நீங்க கையெழுத்துப் போடுங்க."

நான் சிரித்துவிட்டேன். கூடப்பிறந்தவனை உள் அறைக்குக் கொடுக்கிற பைத்தியக்காரியை நான் அதுவரை பார்த்ததில்லை.

புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். வாசல் பலகையில் எல்லா அறைக்கும் குறுக்கே கோடு இழுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து, "அடுத்த வருசம் பாப்போம்" என்றேன். ஜெயகனி சோறு போட்டாள். குழம்பில் இருந்த மீனையெல்லாம் என் தட்டிலேயே வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் நன்றாக இருந்தது.

காலையில் நான் எழுந்து வந்தபோது அவள் புதுச்சேலை கட்டி, பையோடு நின்றாள்.

"யாரத் தேடி வந்திருக்கிய?" என்றாள்.

"ஜெயகனி," என்றேன்.

"நாந்தான். அவசரமா கப்பலுக்குக் கிளம்புதேன், தப்பா நினைக்காதிய. பானையில தண்ணி இருக்கு. மோந்து குடிச்சிட்டு, போகும்போது கதவச் சாத்திட்டுப் போங்க."

யாரோ ஒரு விருந்தாளியிடம் பேசும் கனிவு அது. அவள் தெருமுனையைத் தாண்டும்வரை பார்த்துவிட்டு, நேரே பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருக்கும் பொன்சிங், எனக்குக் கடை வழியில் பழக்கமானவர்தான்.

"வீட்டுக்காரனக் குடுத்தா பால்கனி அறைல்லா? எந்த அறை குடுத்திய?" என்று கேட்டேன்.

"உள் அறை, அண்ணாச்சி. ஐப்பசியிலயே வந்துட்டாவ. மத்தவங்களக் குடுக்கத்தான் வீட்டுக்காரர் கையெழுத்து வேணும். வீட்டுக்காரரக் குடுக்கதுக்கு வேண்டாம்."

"ஐப்பசியில உள் அறைக்குத் தூரத்துச் சொந்தந்தானே?"

"நானும் அதத்தான் சொன்னேன். ஆள் அனுப்பி எவ்வளவு தூரம்னு அளந்து பாருங்கன்னாவ. அனுப்பினோம். சரியா இருந்துச்சு."

ஒருவர் வந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. கொசு மருந்து அடிக்க வந்தவர் என்று நினைத்திருந்தேன்.

"உங்க வீட்டம்மாவுக்கு என்ன மீன் பிடிக்கும்னு கேட்டாராம்," என்றார் பொன்சிங். "எது மலிவா கிடக்கோ அதுன்னு சொன்னியளாம்."

சொன்னேன்தான்.  ஒரு ஜன்னலுக்குக்கூடத் தேறாமல் போய்விட்டேனே என்று அந்த இடத்திலேயே அழுதேன். பொன்சிங் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் ஆள மாத்திக்கிடலாம் அண்ணாச்சி. வாராவாரம் வந்து கேட்டுட்டுப் போவாவ. எங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுட்டா அவரத் திரும்ப எடுத்துக்கிடலாம்லா, எடுத்துக்கிடலாம்லான்னு. தாராளமா எடுத்துக்கோங்க, சாத்தான்குளத்துக்காரரே போதும், பழைய விலைதான்னு சொன்னேன். நேத்து மத்தியானங்கூட வந்தாவ."

அதற்குமேல் அங்கே கேட்பதற்கு எதுவும் இல்லை. துறைமுகத்துக்கு நடந்தேன். கப்பல் சங்கு ஊதிவிட்டு மெல்ல விலகிக்கொண்டிருந்தது. உள் அறைக்காரர்களுக்கு ஜன்னல் இல்லாததால் எல்லோரும் மேல்தளத்துக்கு வந்து நின்றார்கள். ஜெயகனி கம்பியைப் பிடித்துக்கொண்டு, கோயில் கோபுரத்தையும் மாதா கோயிலையும் உப்பளத்துக் குவியல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை. நான் கையை ஆட்டினேன். கரையில் நின்ற எல்லோருக்கும் ஆட்டியது போலவே எனக்கும் ஆட்டினாள். அவள் ஊரைப் பார்த்தாள். ஊரில் நானும் இருந்தேன்.

கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகு பொன்சிங் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"மாமா," என்றார். இதுவரை என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "இனிமே நீங்க கம்பெனிக்குச் சொந்தம். ஏகப்பட்ட சித்தப்பா பெரியப்பா வந்து சேந்தாச்சு. தாய்மாமன் முறைக்குத்தான் ஆள் இல்லாம இருந்தோம். கப்பலோட கடைக்குட்டிப் படகுக்கு வார ஆவணியில காதுகுத்து. உங்க மடியிலதான் வச்சுக் குத்தணும்."

தாய்மாமன் வெறுங்கையோடு போகக் கூடாது. வரும் வழியில் ஆசாரி கடையில் நுழைந்து, படகுக்கு ஒரு ஜோடிக் கம்மல் செய்யச் சொன்னேன். அவர் சொன்ன விலைக்கே ஒப்புக்கொண்டேன். காது எந்த இடத்தில் வரும் என்று கேட்டார். துடுப்பு மாட்டுகிற வளையத்துக்குக் கொஞ்சம் மேலே என்றேன்.