வசூல் புயலுக்குத் தலைக்கணக்கு

விநியோக அலுவலகத்தில் அவனைக் கூட்டல் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது தியேட்டர்களிலிருந்து தினமும் வரும் வசூல் தாள்களைக் கூட்டிச் சரிபார்ப்பது அவன் வேலை. தாளில் ஐந்து பத்திகள்: தியேட்டர், காட்சி, டிக்கெட், விலை, வசூல். ஒரு டிக்கெட் இடித்தாலும் தியேட்டர் மேனேஜரைப் போனில் பிடித்து ஒரு வழி பண்ணிவிடுவான். அப்பேர்ப்பட்ட ஆசாமி, வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் தெரிந்தே இரண்டு பத்திகளை மறைப்பான்.

அது அவனுடைய அத்தானின் பிறந்தநாளுக்கு முந்தின நாள். அக்கா புருஷன் லேசுப்பட்ட ஆள் இல்லை, ஏழு படங்களில் கதாநாயகன். போஸ்டரில் 'வசூல் புயல்' என்றுதான் போடுவார்கள். பிறந்தநாள் போஸ்டருக்காக எந்தப் படம் எவ்வளவு வசூல் என்று அக்கா பட்டியல் கேட்பாள். கூட்டல் டிக்கெட் பத்தியையும் விலைப் பத்தியையும் மறைத்துவிட்டு, வசூலை மட்டும் அச்செடுத்துக் கொடுப்பான். முதல் படம் நாலு கோடி, மூன்றாவது ஆறு, ஐந்தாவது ஏழு, ஏழாவது எட்டு. படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போகும். ஒரு எண்கூடப் பொய் இல்லை. அதனால் அவனுக்குத் தூக்கமும் நன்றாகவே வந்தது.

தூக்கம் கெட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்கா போன் செய்தாள்.

"உங்க அத்தான் சொந்தப் படம் எடுக்கறார்டா. நாளைக்குக் காலைல பேங்க்குல கையெழுத்து. வீடு என் பேர்ல இருக்கில்ல, நான்தான் போடணுமாம். செலவு அஞ்சு கோடி. பத்து கோடி வசூலானா தியேட்டர்காரங்க பங்கு போக பாதி நம்ம கைக்கு வந்துடும், கடன் அடைஞ்சிடும். எட்டு வந்தவருக்குப் பத்து வராதா? உன் பட்டியலை வச்சுத்தான் முடிவு பண்ணினோம்."

கூட்டல் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அலுவலகத்துக்கு ஓடினான். எதையும் மறைக்காத பட்டியலை அச்செடுத்து மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு கிளம்பினான்.

அத்தான் முன்னறை சோபாவில் உட்கார்ந்திருந்தார். சுவரில் அவருடைய படமே ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தது. சோபாவில் இருந்தவரைவிடச் சுவரில் இருந்தவருக்குப் பத்து வயது குறைவு.

"வா மச்சான்! புது கம்பெனிக்கு நீதான் கணக்கு. இப்பவே சொல்லிட்டேன்."

"அத்தான், பட்டியல்ல ரெண்டு பத்தி விட்டுப்போச்சு."

தாளை மேஜைமேல் விரித்தான். அக்கா காபி டம்ளர்களை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"முதல் படத்துக்கு டிக்கெட் அம்பது ரூபா. நாலு கோடின்னா எட்டு லட்சம் பேர் பார்த்திருக்காங்க. போன படத்துக்கு டிக்கெட் இருநூறு."

அத்தான் தாளிலிருந்து கண்ணை எடுத்தார். மனக்கணக்கில் அவர் ஒன்றும் மோசமில்லை. அக்காதான் சொன்னாள். "நாலு லட்சமா? பாதிதானா?"

"அதுலயும் அம்பதாயிரம் டிக்கெட் தயாரிப்பாளரே வாங்கினது. முதல் நாள் ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டணும்னு."

"எனக்கு யாரும் சொல்லலையே," என்றார் அத்தான். பிறகு சுதாரித்துக்கொண்டார். "அந்தப் படம் மழையில மாட்டிக்கிச்சு மச்சான்."

"அஞ்சாவது?"

"பரீட்சை நேரம்."

"ஆறாவது?"

ஆறாவதுக்கும் மழையே போதுமா என்று யோசிப்பவர் மாதிரி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"பத்து கோடிக்கு அஞ்சு லட்சம் பேர் வரணும் அத்தான். இப்ப வர்றது மூணரை. அதுவும் படத்துக்குப் படம் குறையுது."

அத்தானின் முகம் சிவந்தது. "இத்தனை வருஷமா இதை ஏன்டா மறைச்சே?"

அக்கா வசூலைத்தானே கேட்டாள் என்ற பதில் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டான்.

"பயம்தான் அத்தான். உண்மையைச் சொன்னா இந்த வீட்டுக்குள்ள என்னைச் சேர்க்க மாட்டீங்களோன்னு. நீங்க அந்தத் தாளைப் பார்த்துச் சந்தோஷப்படறதும் எனக்குப் பிடிச்சிருந்துச்சு." சொல்லி முடித்ததும் அவனுக்கு வெட்கமாக இருந்தது. வீடு போயிருந்தால் முழுசாக அவன் கைங்கரியம்தான்.

அக்கா வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் கையெழுத்துப் போடலைங்க," என்றாள், சத்தம் போடாமல்.

காபி ஆறி ஏடு கட்டியது. அத்தான் தாளைத் தன் பக்கம் இழுத்து, டிக்கெட் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவை வந்தார். பிறகு போனை எடுத்து ஒரு இயக்குநரை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தார். போன வாரம் தன் புதுப் படத்தில் வேறொரு கதாநாயகனுக்கு அண்ணனாக நடிக்கக் கேட்ட மனுஷன். அப்போது அத்தான் பதிலே சொல்லவில்லை.

"அண்ணன் வேஷத்துக்கு நேத்துதான் ஆள் போட்டோம் சார்," என்றார் இயக்குநர். கொஞ்சம் தயங்கினார். "அப்பா வேஷம் இருக்கு."

"ஹீரோவுக்கு என்ன வயசு?"

"முப்பத்தெட்டு சார்."

"எனக்கு நாப்பத்தாறு."

"மேக்கப்புல பார்த்துக்கலாம் சார்."

அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று கூட்டலுக்குப் புரியவில்லை. அனேகமாக இரண்டும்தான்.

"எத்தனை நாள் வேலை?" என்றார் அத்தான்.

"பன்னிரண்டு நாள்."

"வர்றேன்."

போனை வைத்துவிட்டுக் கூட்டலைப் பார்த்தார். "அந்த ஹீரோவோட போன படத்துக்கு எத்தனை பேர் வந்தாங்க மச்சான்? தலைக்கணக்குச் சொல்லு."

"இருபத்தாறு லட்சம்." இந்தத் தடவை எதையும் மறைக்க அவனுக்கு மனம் வரவில்லை. "ஆனா அவங்க எல்லாம் அவரைப் பார்க்க வர்றவங்க அத்தான்."

"தெரியும்டா," என்றார் அத்தான். "நான் வர்றப்ப கண்ணை மூடிக்கவா போறாங்க?"