தைலம் மணத்த பிடி அரிசி

சமையலறை ஜன்னலில் நுழையும் காலை வெயில் முதலில் விழுவது அந்தத் தகர டப்பாவின் மேல்தான். பழைய பிஸ்கட் டப்பா. மூடியில் படம் அழிந்துவிட்டது. தகரம் மட்டும் மின்னும்.

உலை வைக்கும்போது ஒரு பிடி. எங்கள் சபையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வீட்டுக்கு அளக்கும் முன் ஆண்டவருக்கு ஒரு பிடி அரிசி. சனிக்கிழமை ஜெயக்கனி அக்கா பையோடு வந்து கோயிலுக்கு வாங்கிப்போவாள்.

ஒரு பிடிக்கு ஒரு ஜெபம். ஆண்டவரே, இவருக்கு ஒரு வார்த்தையாவது கொடும். நான்கு வருடமாக அதே ஜெபம்.

இவர் என் வீட்டுக்காரர், வேதமாணிக்கம். கோயில் பாடகர் குழுவில் முன்பெல்லாம் இவருடைய கனத்த குரல்தான் அடியில் நிற்கும். வாதம் வந்தது. வலதுபக்கம் விழுந்தது. பேச்சும் போனது. இப்போது சுவரைப் பிடித்து நாலு எட்டு வைப்பார். இடதுகையால் சாப்பிடுவார். வார்த்தை மட்டும் வரவில்லை.

காத்திரு என்றார் போதகர். காத்திரு என்றது வேதம். காத்திருந்தேன். ஒரு மழைக்காலம் போனது. இன்னொரு மழைக்காலம் போனது. முழங்கால் வலிக்கிறது. மனசும்தான்.

போன ஞாயிறு கோயிலில் பாட்டு தொடங்கியது. இவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பாட்டு முடியும்வரை திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். டப்பாவைத் திறக்கவில்லை. கோபம் இல்லை. சலித்துவிட்டது, அவ்வளவுதான். நாற்காலியிலிருந்து இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

திங்கள் காலை குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தால், தரையெல்லாம் அரிசி. செவ்வாயும் அரிசி. எலிக்குக்கூட என்னிடம் பயம் விட்டுப்போய்விட்டது. அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பொறி வைத்தேன்.

புதன் காலை பொறி விழுந்திருந்தது. எலி இல்லை. இவருடைய இடதுகை விரல் வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. எங்கே போய் இடித்துக்கொண்டீர்கள் என்று திட்டிக்கொண்டே தைலம் தடவினேன். இவர் சிரித்த மாதிரி இருந்தது. எனக்கு எரிச்சல் கூடியது.

வியாழன், வெள்ளி. தடவினேன், பெருக்கினேன். ஜெபிக்கவில்லை.

சனிக்கிழமை அக்கா வந்தாள். சொல்ல வேண்டியதைத் தயாராக வைத்திருந்தேன்.

"அக்கா, இனிமே எங்க வீட்டுக்கு வராதீங்க. டப்பா காலி."

அக்கா டப்பாவை ஆட்டிப் பார்த்தாள். மூடியைத் திறந்தாள். ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள்.

"ஏட்டி பாக்கியம், இதுல அரிசி கெடக்குல்லா. என்ன, தைல வாட அடிக்கு?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் தன் விரலைப் பார்த்தார்.

நான் குழாயடிக்குப் போகும் நேரம். சுவர். நாலு எட்டு. பானை. டப்பா. விரலில் பொறி விழுந்த பிறகும் மறுநாள் அதே நாலு எட்டு. நான்தான் பொறி வைத்தேன். நான்தான் திட்டினேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

நான்கு வருடமும் தனியாகக் காத்திருக்கிறேன் என்றே நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம் வரட்டுமா வேண்டாமா என்று அக்கா கேட்டாள். வரச் சொன்னேன்.

இன்று ஞாயிறு. ஜன்னலில் வெயில். டப்பா மூடி மின்னுகிறது. நான் ஒரு பிடி போட்டேன். இவர் சுவரைப் பிடித்து வந்து ஒரு பிடி போட்டார். பாதி உள்ளே, பாதி தரையில்.

வார்த்தை வரவில்லை. வெயில் டப்பாவை விட்டு இறங்கித் தரையில் கிடந்த அரிசியின் மேல் விழுந்தது. நான் பெருக்கவில்லை.