துணிக்கொடிக்கு மேலே போன பந்து

என் தம்பி லூதர் பட்டாளத்துக்குப் புறப்பட இரண்டு நாள் இருந்தது. அந்தச் சனிக்கிழமை காலை அவனுடைய வெள்ளைக் கால்சட்டை முழங்காலுக்கு நான் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் அடுப்போரம் நின்று ஓட்ஸ் கஞ்சியைச் சட்டியிலிருந்தே வழித்துத் தின்றான்.

“இன்னைக்காவது பந்தைக் கையில குடுப்பாங்களாக்கா?”

“ஹோல்ராய்டைக் கேளு. நானா கேப்டன்?”

“நீயா இருந்தா இன்னும் மோசம். எல்லா ஓவரையும் நீயே போட்டுக்குவ.”

அந்தக் கோடை முழுவதும் எங்கள் ஆலை கிரிக்கெட் அணியில் இருந்தும் அவனுக்கு ஒரு ஓவர்கூடக் கிடைக்கவில்லை. கையைத் தோளுக்கு மேல் சுற்றாமல், இடுப்புக்குக் கீழிருந்து பந்தைத் தூக்கிப் போடுவான். அதற்கு எங்கள் தெருதான் காரணம். திங்கட்கிழமை யார்க்‌ஷயரில் துணி துவைக்கும் நாள். தெருவுக்குக் குறுக்கே வீட்டுக்கு வீடு கொடி கட்டிவிடுவோம். விரிப்பில் பந்து பட்டால் வீட்டுக்காரி விளக்குமாற்றோடு வருவாள். மற்றப் பையன்கள் திங்களன்று ஆட்டத்தையே விட்டார்கள். லூதர் மட்டும் கொடிக்கு மேலே பந்தைத் தூக்கி, அந்தப் பக்கம் நான் வைத்த வாளிக்குள் இறக்கினான். பெண்கள் வீசுகிற மாதிரி இருக்கிறதென்று ஊரார் அதைப் ‘பாவாடைப் பந்து’ என்றார்கள்.

அன்று இறுதி ஆட்டம். பக்கத்து ஊருக்கு இன்னும் ஏழு ரன் வேண்டும். கைவசம் ஒரே விக்கெட். அவர்களுடைய கசாப்புக்காரர் பின்டர் எங்கள் வீச்சாளர்களைத் துவைத்தெடுத்துவிட்டார். எங்கள் வேகப்பந்துக்காரருக்குத் தோள் பிசகிவிட்டது. ஹோல்ராய்டு சுற்றிலும் பார்த்தார். வேறு ஆளில்லை. பந்தை லூதரிடம் எறிந்தார்.

வீசுகிறவர் எப்படி வீசுவார் என்று அம்பயர் பேட்ஸ்மேனுக்குச் சொல்லியாக வேண்டும். “வலது கை, கீழ்வீச்சு” என்றார். திடலே சிரித்தது.

“டேய், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கிட்டு வாடா!”

“பின்டரண்ணே, மெதுவா அடிங்க, பொண்ணு அழுதுடும்!”

“அண்ணே, இது ஆட்டுக்கால் இல்ல, பந்து. பாத்து வெட்டுங்க” என்றான் லூதர்.

முதல் பந்து மதிலில் போய் மோதியது. நான்கு ரன். ஹோல்ராய்டு தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

மீதி மூன்று ரன்னைப் பின்டர் ஒன்றொன்றாகத் தட்டியே எடுத்திருக்கலாம். ஆனால் தன் ஊர்க்காரர்கள் முன்னால் பாவாடைப் பந்துக்கு மரியாதையாகத் தடுத்தாடுவதா? அதைவிட அவர் கடையையே மூடிவிடுவார். லூதர் அதைக் கண்டுகொண்டான். அடுத்த பந்தை இன்னும் உயரத் தூக்கினான். பின்டர் இறங்கி வந்தார், இன்னும் கொஞ்சம் வந்தார், முழு மூச்சாய் பேட்டைச் சுழற்றினார். பந்து அவருக்குப் பின்னால், கொடிக்கு அப்பால் விழுவதைப் போல விழுந்து, நடுக் குச்சியைச் சாய்த்தது.

ஹோல்ராய்டு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆலைப் பெண்கள் நாங்கள் எல்லோரும் வேலியைத் தாண்டித் திடலுக்குள் புகுந்து, “பாவாடை! பாவாடை!” என்று தொண்டை கிழியக் கத்தினோம். லூதர் மேலிருந்தபடியே பாவாடை விரிக்கிற மாதிரி கைகளை விரித்து எங்களுக்கு வணக்கம் வைத்தான்.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் பிரான்சில் நடந்த போரில் இறந்தான். புதைத்த இடம் தெரியாது.

செய்தி கேட்டு பின்டர் மேட்டிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார். நல்ல மாட்டிறைச்சியாகப் பொட்டலம் கட்டி மேசைமேல் வைத்தார்.

“நல்ல பந்தும்மா அது” என்றார். “வெயில் மட்டும் கண்ணுல அடிக்கலேன்னா...”

இன்றும் யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறார். ஆட்டத்தன்று முழுக்க மேகமூட்டம்.