மூச்சு வாங்கும் நேரம்

ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில், யார் எந்த வேலையை எவ்வளவு நேரத்தில் முடிக்கிறார்கள் என்று ஸ்டாப்வாட்சில் அளப்பதுதான் ரத்தினவேலின் உத்தியோகம். ஐம்பது தாண்டிய பிறகு தொடங்கிய காலை ஓட்டத்தையும் அதே வாட்சில்தான் அளந்தார். எவ்வளவு முக்கி ஓடினாலும் நேரம் மாதாமாதம் கூடிக்கொண்டே போனது. சனியன் பிடித்த வாட்ச். வயதுக்கென்று சில நொடிகளைக் கழித்துக்கொண்டால் என்ன தப்பு என்று, கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் குனிந்து இரைத்தபடி யோசித்தார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்த மாதேஸ்வரி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவளும் அவர் வயதுக்காரிதான். தொழிற்சாலையின் அசெம்ப்ளி லைனில் மூச்சு வாங்கிக்கொள்ள அவளுக்கு இருந்த சில நொடிகளைப் போன மாதம் வெட்டியவர் அவர்.

"மெதுவாக் குடிங்க சார். இங்க யாரு வாட்ச் புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க?"

அவர் கையில் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.