சத்தம் கொடுக்காத நேரம்

காது சோதிப்பது எளிய வேலை. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பேன். வெளியிலிருந்து சத்தம் அனுப்புவேன். கேட்டால் அழுத்த வேண்டும். கேட்காமலே அழுத்தும் கில்லாடிகளைப் பிடிக்க, நடுநடுவே ஒன்றும் அனுப்பாமல் சும்மா இருப்பேன். பதினெட்டு வருடத்தில் என் காதில் யாரும் பூச்சுற்றியதில்லை.

ஒருநாள் ஒரு பஸ் டிரைவர் தகுதிச் சான்றிதழுக்காக, வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தார். நான் சும்மா இருந்தபோது மூன்று முறை அழுத்தினார். கதவைத் திறந்து, சத்தமே கொடுக்கவில்லையே என்றேன்.

"கூப்பிட்டது கேட்டுச்சும்மா," என்றார்.

யார் கூப்பிட்டது என்று நான் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயை யாரிடம் மறைக்கப் பார்க்கிறார் என்ற எரிச்சல்தான் வந்தது. இன்னொரு முறை சோதிக்கச் சொல்லிக் கெஞ்சினார். 'ஏமாற்றுகிறார், சான்றிதழ் தரக்கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏழு மாதம் கழித்து என் தம்பி இறந்துபோனான். காய்ச்சல் என்று படுத்தவன், ஒன்பதே நாளில்.

தினமும் காலையில் இங்கே வேலை பார்க்கும் எங்களில் ஒருத்தி உள்ளே உட்கார்ந்து, கருவி சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பாள். விடுப்பு முடிந்து வந்த அன்று நான் உட்கார்ந்தேன். இடது காதில், "ஏ குண்டு," என்றான் தம்பி. அவன் மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவான். அழுத்தினேன். மறுபடி கூப்பிட்டான். மறுபடி அழுத்தினேன்.

வெளியே இருந்தவள் கதவைத் திறந்து, "அக்கா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல," என்றாள்.

உடம்பு சில்லிட்டது. தம்பியை நினைத்து அல்ல, அந்த டிரைவரை நினைத்து.

பழைய கோப்பில் நம்பரைத் தேடிப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் என்றால் பொய். தம்பியின் குரல் தங்குமா, ஒருநாள் நின்றுவிடுமா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

சான்றிதழ் கிடைக்காத அன்றே அவர் வேலை போய்விட்டதாம். வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். அன்று கேட்காததை இப்போது கேட்டேன். கூப்பிட்டது மனைவி என்றார். தினமும் அவர் படியிறங்கும்போது, டிபன் பாக்ஸை மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலிருந்து கூப்பிடுவாராம். இறந்த பிறகும் அதை நிறுத்தவில்லையாம்.

"இப்பவும் கூப்பிடறாங்களா?" என்றேன்.

அவர் குரலில் கோபம்கூட இல்லை.

"நான் வேலைக்குக் கிளம்பினாத்தானேம்மா கூப்பிடுவா," என்றார்.